மாஸ்க்கைக் கழற்றச் சொன்னதும் ஏன் மேலே ஓடி வந்தீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 44. ஈரோடு பக்கம் கிராமத்தில் பிறந்தவள், இப்போது கோவையில் இருக்கிறேன். எட்டு வயதில், நீச்சல் பழக்குகிறேன் என்று மாமா தோட்டத்துக் கிணற்றில் தூக்கிப் போட்டார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, செத்தேன் என்றே நினைத்தேன். அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. நாற்பதைத் தாண்டித்தான் நீச்சல் குளத்தில் சேர்ந்து நீந்தக் கற்றேன். ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். முதல் நாள், முதுகில் சிலிண்டர் மாட்டிக் கடலுக்கடியில் சும்மா அழைத்துப் போய்க் காட்டும் ஸ்கூபா 'ட்ரை டைவ்' மிகவும் பிடித்திருந்தது. அந்த உற்சாகத்தில் கணவர், மகளோடு நானும் ஸ்கூபாவின் முதல் சான்றிதழுக்கான ஓபன் வாட்டர் கோர்ஸில் சேர்ந்தேன். இரண்டு மீட்டர் ஆழத்தில், கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கும் மாஸ்க்கை முழுக்கக் கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார்கள். கழற்றிய நொடியில் என்ன ஆனதென்றே தெரியவில்லை. சிலிண்டர் காற்றைத் தரும், வாயிலிருந்த ரெகுலேட்டரையும் துப்பிவிட்டு மேலே வந்துவிட்டேன். மறுபடி முயன்றபோதும் அதேதான். "ரிலாக்ஸ் மேடம், சிம்பிள்தான்" என்றார் பயிற்சியாளர். கணவரும் மகளும் சான்றிதழோடு வந்தார்கள், நான் அழுதுகொண்டு வந்தேன். இந்த வயதில் இது எனக்கு முடியாதா? டைவுக்கு முன் பதற்றம் குறைக்கும் மாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளச் சொல்கிறார் உறவினர் ஒருவர். போடலாமா? அதே இடத்துக்கே மறுபடி போகலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மாத்திரை வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதற்றம் குறைக்கும் மாத்திரைகள் பல தூக்கத்தையும் மந்தத்தையும் சேர்த்துக் கொடுப்பவை. தண்ணீருக்குள் ஆழம் கூடக் கூட, நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜனே ஒருவித மயக்கத்தைத் தரும். இரண்டும் சேர்ந்தால் காதில் வலி வந்ததையோ, காற்றளவு குறைந்ததையோ கவனிக்க வேண்டிய நேரத்தில் மூளை தாமதமாக விழிக்கும். ஏற்கெனவே மருத்துவர் எழுதிக்கொடுத்து ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், கோர்ஸில் சேரும்போது தருகிற மருத்துவப் படிவத்தில் அதை மறைக்காமல் எழுதுங்கள். கடலில் இறங்கலாமா கூடாதா என்று ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். தரையிலேயே, காரணமில்லாமல், நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும் அளவுக்குப் பீதி உங்களுக்கு எப்போதாவது வந்ததுண்டா? இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது நீங்கள் எழுதியிருக்கும் பயத்திலிருந்து வேறான விஷயம். அதை வைத்துக்கொண்டு என் பதிலை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

வயது ஒரு தடையே இல்லை. பத்து வயதுக் குழந்தையையும் சேர்க்கிறார்கள், அறுபதைக் கடந்தவர்களும் கற்கிறார்கள். மேல் வரம்பு என்று எதுவும் கிடையாது. இதயம், நுரையீரல், காது இவைதான் கணக்கு. 45ஐத் தாண்டியவர்களிடம் ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் பற்றி அந்தப் படிவம் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த வரி, ட்ரை டைவ் பிடித்திருந்தது என்பதுதான். அதை நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறீர்கள். ட்ரை டைவில் பயிற்சியாளர் பின்னாலிருந்து உங்கள் சிலிண்டரைப் பிடித்திருப்பார். மிதப்பது, இறங்குவது எல்லாம் அவர் கையில் இருந்திருக்கும். மாஸ்க் முகத்தை விட்டு நகர்ந்திருக்காது. நீங்கள் செய்தது மூச்சு விட்டதும் மீன் பார்த்ததும்தான். அந்த நிலையில் கடலும் ஆழமும் முதுகில் இருந்த சிலிண்டரும் உங்களைப் பயமுறுத்தவில்லை. அப்படியென்றால் உங்கள் பயம் கடலைப் பற்றியதே அல்ல. மூக்கில் தண்ணீர் படுவது, அந்த ஒரே ஒரு இடத்தில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் இருக்கும் பயத்தைப் பழக்கலாம்.

அந்த நொடியில் உடம்புக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். கண், மூக்கைச் சுற்றித் தண்ணீர் பட்டதும் முகத்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. உடனே மூச்சு தானாக நிற்கிறது, இதயத்துடிப்பு குறைகிறது. கடல்நாய்க்கும் திமிங்கலத்துக்கும் இருக்கும் அதே அனிச்சைச் செயல் மனிதர்களுக்கும் உண்டு. தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் பலமாக வரும். நாம் கேட்டு வருவது அல்ல, மூழ்காமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் காவல். ஆனால் ஸ்கூபாவில், உடம்பு "மூச்சை நிறுத்து" என்று உத்தரவிடும் அதே நொடியில், "வாயால் இழுத்து விடுங்கள்" என்று பயிற்சியாளர்கள் நாங்கள் சொல்கிறோம். பழகாத உடம்பு எங்கள் பேச்சைக் கேட்காது. மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது. மூச்சுக்குத் தவிக்க வைப்பது ஆக்ஸிஜன் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் இந்த வாயு ஏறுவதுதான் அந்தத் தவிப்பு. தவிப்பில் மூக்கால் ஒரு சின்ன இழுப்பு, தொண்டையில் உப்புத் தண்ணீர், இருமல். இந்த இடத்தில் உங்கள் எட்டு வயதுக் கிணறும் வந்து சேர்ந்துகொண்டது.

ரெகுலேட்டரைத் துப்பியதற்காக நீங்கள் வெட்கப்படுவது கடிதத்தில் தெரிகிறது. காற்று தருகிற கருவியை ஒருவர் ஏன் துப்ப வேண்டும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் பீதியில் இருப்பவர்கள் அடிக்கடி செய்வது அதைத்தான். மூச்சு முட்டும்போது வாயில் இருக்கும் எதுவுமே அடைப்பதுபோல் தோன்றும். அது கோழைத்தனம் இல்லை.

உங்களைக் கிணற்றில் போட்ட மாமா நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். நம் ஊர்களில் பலர் அப்படித்தான் நீந்தப் பழகினார்கள். ஆனால் அதே ஊரில், அதே கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையோ காலி டின்னோ கட்டிக்கொண்டு, படியைப் பிடித்தபடி மெல்ல மெல்லப் பழகியவர்களும் உண்டு. தண்ணீர்ப் பயம் உள்ள பிள்ளைக்கு இரண்டாவது வழிதான் சரி. ஜனவரியில் உங்களுக்குக் கிடைத்தது மறுபடியும் முதல் வழி. மூன்று நான்கு நாளில் கோர்ஸை முடித்து விமானம் ஏற வேண்டும் என்ற அவசரத்தில், முகத்தை நனைத்துப் பழகும் படியையே தாண்டி, நேராக முழு மாஸ்க்கையும் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது தைரியம் அல்ல, நேரம். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. டைவிங் சான்றிதழ் தரும் பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற அமைப்புகளின் பாடத்திட்டமே ஒவ்வொரு திறனையும் நீங்கள் சிரமமில்லாமல் செய்து காட்டிய பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்கிறது. இத்தனை நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்று அதில் இல்லை. நாள் கணக்கெல்லாம் சுற்றுலாப் பேக்கேஜின் கணக்கு.

முதல் படியை வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். அகலமான பேசினில், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு சேர்த்தால் உடம்பின் உப்புக்குச் சமமாக இருக்கும், மூக்கில் ஏறினாலும் அவ்வளவு எரியாது. (காய்ச்சிய தண்ணீர் என்பதை விட்டுவிடாதீர்கள், மூக்குக்குள் போகிற தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும்.) நாற்காலியில் உட்கார்ந்து, வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகியபடி முகத்தை இறக்குங்கள். முனகும்போது மூக்கு வழியாகக் காற்று வெளியே வந்துகொண்டே இருக்கும், தண்ணீர் உள்ளே வராது. முனகல் தீர்வதற்குள் தலையைத் தூக்கிவிடுங்கள். அது சாதாரணமாகும் வரை சில நாள் அது மட்டும் போதும்.

அப்புறம், முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது வாயால் மூச்சு விட உதவும் ஸ்நார்க்கல் குழாய் ஒன்று வாங்கி, மாஸ்க் இல்லாமல் வாயில் வைத்து, முகத்தை இறக்கி, வாயால் இழுத்து வாயால் விடுங்கள். இந்த இடத்தில்தான் உடம்பு எதிர்க்கும். முதல் இழுப்பு வராது, தொண்டை பூட்டிக்கொள்ளும். வெளியே வாருங்கள், மூக்கைச் சிந்துங்கள், மறுபடி இறங்குங்கள். இழுப்பதைப் பற்றி யோசிக்காமல், முதலில் மெதுவாக வெளியே ஊதுங்கள். ஊதி முடித்த பிறகு இழுப்பு தானாக வரும். ஒரு நாளில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பிடிக்காத நாளில் விட்டுவிடுங்கள். வீட்டில் யாராவது இருக்கும்போது செய்யுங்கள். மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடிகிறது என்று மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள். நீச்சல் குளத்திலும் கூடாது. தனியாக மூச்சடக்கிப் பழகி மயங்கிப் போனவர்கள் உண்டு, தவிர அது நமக்குத் தேவையான திறனே அல்ல. தண்ணீருக்குள் மூச்சு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் ஸ்கூபா.

பேசினில் பதற்றமில்லாமல் உங்களால் முகத்தை வைத்திருக்க முடியும் என்று தோன்றுகிற நாள் வரும். அன்று குளத்துக்குப் போங்கள். மாஸ்க், ஸ்நார்க்கல் அனுமதிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி இதையே செய்யுங்கள். அப்புறம் மாஸ்க்கை மாட்டி, அதன் கீழ் விளிம்பைக் கொஞ்சம் தூக்கிக் கால்வாசி தண்ணீர் விட்டுக்கொண்டு, அதோடு சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருங்கள். வெளியேற்ற அவசரப்பட வேண்டாம். மூக்குக்குக் கீழே தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும், நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள், ஒன்றும் ஆகாது. இதை உடம்பு பார்க்க வேண்டும். பெரும்பாலான கோர்ஸ்களில் இந்தச் சும்மா இருக்கும் நேரத்தைத்தான் கொடுப்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

ரெகுலேட்டரோடு செய்யும்போது தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது முக்கியம். மாஸ்க் இல்லாத நேரத்தில் நேராகவோ சற்றுக் கீழ்நோக்கியோ பாருங்கள். மூக்குத் துவாரத்தில் காற்று தங்கி, தண்ணீரைத் தடுக்கும். பயந்தவர்கள் எல்லோரும் வெளிச்சத்தைத் தேடி அண்ணாந்து பார்ப்பார்கள், அப்போதுதான் தண்ணீர் நேராக உள்ளே ஓடும். மாஸ்க்கை மாட்டிய பிறகு, மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊத ஆரம்பித்து, ஊதியபடியே தலையை மெல்ல நிமிர்த்தினால் தண்ணீர் கீழ்ப்பக்கமாக வெளியேறிவிடும். கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். இருமல் வந்தால் ரெகுலேட்டரைக் கையால் வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே இருமுங்கள். இருமலாம், தும்மலாம், வாந்திகூட எடுக்கலாம். அது வெளியேற வழி அதிலேயே இருக்கிறது.

மேலே ஓடி வந்ததைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்து மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரு மடங்கு, நீங்கள் இருந்த இரண்டு மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். மூச்சை இழுத்து அடக்கியபடி மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று அந்த அளவுக்கு விரியும். நுரையீரல் நிறைந்திருந்தால் இவ்வளவு குறைந்த ஆழமும் காயப்படுத்தப் போதும். அன்று உங்களுக்கு எதுவும் ஆகவில்லை என்று நினைக்கிறேன். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள், இருந்திருந்தால் இப்போதாவது மருத்துவரைப் பாருங்கள். அதற்காக "மேலே வராதே" என்று உங்களுக்கு நீங்களே கட்டளை போட்டால் பயம் இரட்டிப்பாகும். எப்படி வருவது என்று பழகுங்கள். ஒரு கை பயிற்சியாளரின் தோளில், ஒரு கை ரெகுலேட்டரில், வாயிலிருந்து குமிழிகள் விட்டபடி மெதுவாக எழும்பி வருவது. மாஸ்க் பயிற்சிக்கு முன்னால் இதை அவரோடு சேர்ந்து, பயமில்லாத நேரத்தில், சில தடவை செய்துவிடுங்கள். வெளியே போகும் வழி தெரிந்தவருக்கு உள்ளே இருப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. கட்டைவிரலை மேலே காட்டினால் தண்ணீருக்குள் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகிறேன்' என்று அர்த்தம். யார் காட்டினாலும், எதற்காகக் காட்டினாலும், எல்லோரும் மேலே வர வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த உரிமை உங்களுடையது, அதைப் பயன்படுத்தினால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

காற்று தீர்ந்துவிடுமோ, கருவி நின்றுவிடுமோ என்ற பயம் இப்போது இல்லாவிட்டாலும் ஆழத்துக்குப் போகும்போது வரலாம், அதனால் சுருக்கமாக. வழக்கமான அலுமினிய சிலிண்டர் சுமார் 11 லிட்டர் கொள்ளளவு. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. அது ஆக்ஸிஜன் அல்ல, நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்றை வடிகட்டி அடைத்தது. நிதானமாக மூச்சு விடுபவருக்குத் தரையில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர், பத்து மீட்டரில் அதைப்போல இரு மடங்கு. ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரும், ஆனால் 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். ரெகுலேட்டர் பழுதானால் பொதுவாகக் காற்று நிற்காது, கொட்டத்தான் செய்யும். கூட வருபவரிடம் உங்களுக்கென்று இரண்டாவது வாய்க்குழல் ஒன்று தொங்கும்.

சின்னச் சின்ன விஷயங்களும் பயத்தைக் கூட்டும். வாடகை வெட்சூட் (உடம்போடு ஒட்டும் டைவ் உடை) கழுத்தில் இறுக்கினால், தண்ணீரில் இறங்கும் முன்பே மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். அந்தமான் தண்ணீர் வெதுவெதுப்பானது, மெல்லிய அரைக்கை உடையே போதும், கேட்டு வாங்குங்கள். மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். கறுப்பு ஓரம் உள்ளது வேண்டாம், வெளிச்சம் உள்ளே வருகிற மாதிரி வெள்ளை சிலிக்கோன் ஓரம் உள்ளதைப் பாருங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் கிடைக்கும். மங்கலாகத் தெரிவதே பாதிப் பயம். முன்நெற்றி முடி ஓரத்தில் மாட்டினால் தண்ணீர் கசியும், தலையை நன்றாக இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். இடுப்பில் ஈய எடை அதிகமாக இருந்தால் மூழ்காமல் இருக்கக் காலை உதைத்துக்கொண்டே இருப்பீர்கள், மேல்மூச்சு வாங்கும், பதற்றம் அங்கேயே ஆரம்பித்துவிடும். எடையைச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கணவர் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பயிற்சி நேரத்தில் அவர் பக்கத்தில் வேண்டாம். "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று அன்பாகத்தான் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்காக முடித்துக்காட்ட வேண்டும் என்ற பாரம் உங்கள் மேல் ஏறும். மகள் முன்னால் அழக்கூடாது என்ற பாரம் அதைவிடப் பெரிது. அவர்கள் டைவுக்குப் போகட்டும். நீங்கள் உங்கள் பயிற்சியாளரோடு தனியாக இருங்கள்.

அதே இடத்துக்குப் போகலாமா என்றால், எனக்குத் தெரிந்த வழி இரண்டாகப் பிரித்துக்கொள்வது. பாடத்தையும் குளத்துப் பயிற்சியையும் சென்னையிலோ பெங்களூரிலோ, தனி வகுப்பாக, இரண்டு மூன்று வார இறுதிகளில் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு கடிதம் தருவார்கள், பாடியில் அது பன்னிரண்டு மாதம் செல்லும். கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவ்களை மட்டும் அந்தமானில் வைத்துக்கொள்ளலாம். மாஸ்க் பயிற்சி அங்கேயும் திரும்ப வரும், ஆனால் அதற்குள் அது உங்களுக்குப் பழைய வேலையாகியிருக்கும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை தண்ணீர் தெளிவாகவும் கடல் அமைதியாகவும் இருக்கும். ஹேவ்லாக்கில் நெமோ ரீஃப் போல, கரையிலிருந்தே நடந்து இறங்கும் இடத்தில் முதல் டைவை வைக்கச் சொல்லுங்கள். படகிலிருந்து முதுகுப் பக்கமாக விழுவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டைவ்களை முடித்த பிறகு விமானம் ஏறப் பதினெட்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். அதையும் சேர்த்து, அதற்கு மேலும் இரண்டு நாள் கூடுதலாக வைத்து டிக்கெட் போடுங்கள்.

இவ்வளவையும் செய்து பார்த்தும், முகம் நனைந்தால் மனம் அடங்கவே இல்லை என்றால் ஸ்நார்க்கலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தமானின் பவளத்திட்டுகளில் நிறையவற்றை மேற்பரப்பிலிருந்தே பார்க்கலாம். அந்த முடிவை நீங்கள் எடுங்கள், அன்று அந்த இரண்டு மீட்டர் தண்ணீரில் நடந்தது எடுக்க வேண்டாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் பயிற்சி மையத்துக்குப் போன் செய்து, எட்டு வயதில் நடந்ததையும் ஜனவரியில் நடந்ததையும் அப்படியே சொல்லுங்கள். என்னோடு ஒரே ஒரு பயிற்சியாளர் இருப்பாரா, மாஸ்க் பயிற்சிக்கு மட்டும் ஒரு முழு நாள் தர முடியுமா, முடியாத நாளில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாமா என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை மேடம், மூன்று நாளில் முடித்துவிடலாம்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு மையத்தைப் பாருங்கள்.